நின்ற ஊரிலெல்லாம் இறங்கிய அக்கா

வண்டி நின்றால் இறங்கிவிடுவார். காரோ, பஸ்ஸோ, ரயிலோ, எதுவானாலும் சரி. ஏன் நின்றது, எவ்வளவு நேரம் நிற்கும், கீழே என்ன இருக்கிறது என்கிற விசாரணையெல்லாம் இறங்கிய பிறகுதான். பிரிட்ஜ்வாட்டரில் எங்கள் அபார்ட்மெண்ட் முழுக்க அவரை அக்கா என்றே கூப்பிட்டது. அவருடைய கணவரைக்கூட ‘அக்கா வீட்டுக்காரர்’ என்றுதான் சொல்வோம். அதனால் இங்கேயும் பெயர் வேண்டாம், அக்கா என்றே இருக்கட்டும்.

நான் நியூ ஜெர்ஸிக்கு வந்து இறங்கிய புதிதில் எடிசனுக்கு மளிகை வாங்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் வீட்டுக்காரர் ஓட்டினார். நாங்கள் இரண்டு பேரும் பின் ஸீட்டில். ஃப்ரீவேயில் பாதி வழியில் எல்லாக் கார்களும் நின்றுவிட்டன. நான் இன்னும் முன்னால் நின்ற கார்களின் சிவப்பு விளக்குகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் கதவு திறக்கிற சத்தம்.

“அக்கா, ஃப்ரீவேக்கா இது!” என்று கத்தினேன்.

“நின்னுதான கெடக்குது கண்ணு” என்று சொல்லிவிட்டுக் கார்களுக்கு நடுவே புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். அவர் வீட்டுக்காரரோ ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். “அவ அப்படித்தாங்க” என்றார். அவரிடமிருந்து நான் அதிகம் கேட்ட வாக்கியம் அதுதான். கொஞ்ச நேரத்தில் அக்கா திரும்பி வந்தார். கையோடு சேதியும் வந்தது.

“முன்னால ஒரு லாரி கவுந்து கெடக்குது. டிரைவருக்கு ஒண்ணும் ஆகல. நடுவுல ஒரு கார்ல வெள்ளக்காரப் புள்ள ஒண்ணு, நெறமாசம். தண்ணி இல்லாம உக்காந்திருக்குது, பாவம். நம்ம பாட்டில குடுத்துட்டு வந்துட்டேன்.”

கார்கள் நகர்ந்து அந்தப் பெண்ணின் காரைக் கடந்தபோது அவள் கை ஆட்டினாள். அக்காவும் ஆட்டினார். அத்தனை கார்களில் எங்கள் காரில் மட்டும்தான் யாருக்கோ யாரையோ தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு நிறையப் பார்த்துவிட்டேன். மன்ஹாட்டனில் ஒரு பெரிய கட்டடத்துக்கு இந்தியத் தூதரக வேலையாகவோ எதற்கோ போயிருந்தோம். லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நின்றது. அக்கா ஒவ்வொரு மாடியிலும் வெளியே ஒரு கால் வைத்து எட்டிப் பார்த்துவிட்டு ஏறினார். கோட்டு சூட்டு போட்ட ஆட்களெல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்க்க, நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோயில் குழுவோடு நயாகரா போனபோது பஸ் டிரைவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் மைக்கில் ‘பத்து நிமிஷம்’ என்று அறிவித்துவிட்டு அக்காவின் முகத்தைப் பார்ப்பார். கிளம்பும்போது ஆட்களை எண்ணமாட்டார். அக்கா ஏறிவிட்டாரா என்று மட்டும் கேட்பார். அவர் ஏறியிருந்தால் எல்லோரும் ஏறியதாகக் கணக்கு.

ஒருநாள் கேட்டே விட்டேன். “ஏன்க்கா, வண்டி நின்னா உங்களுக்கு என்னதான் ஆகுது?”

துணி மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பதை நிறுத்தவில்லை. “எனக்கு லைசன்ஸ் இல்ல. இந்த ஊர்ல லைசன்ஸ் இல்லாதவ மூட்டை மாதிரி. தூக்கி வெச்சாக் கார்ல இருப்பேன், எறக்கி வெச்சா வீட்ல இருப்பேன். வண்டி போறதும் நிக்கறதும் அவங்க கையில. எறங்கறது ஒண்ணுதான் கண்ணு என் கையில இருக்குது.”

எனக்கும் அப்போது லைசன்ஸ் இல்லை. ஆனால் நான் மூட்டையாக இருப்பதில் நிம்மதி கண்டவள். பயப்படுவதில் எனக்கு இருக்கிற பயிற்சி வேறு எதிலும் கிடையாது. குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறும்போதே இறங்க வேண்டிய பக்கம் இடதா வலதா என்று கேட்டு வைத்துக்கொள்கிற ஆள் நான். எனக்கு வாய்த்தவர் அதற்கும் மேலே. விமானத்துக்குக் கிளம்புகிற நாளில் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று சட்டைக்கு மேலே தடவிப் பார்த்தபடியே இருப்பார். ஹெச் ஒன் விசா, கிரீன் கார்டுக்கு வரிசை, ஸ்டாம்பிங் தேதி என்று அவர் தூக்கத்தில்கூட முனகுவார். எங்கள் இருவருக்கும் பிறந்த பெண் எப்படி இருப்பாள்? நாலு வயதிலும் பார்க்கில் சறுக்குமரத்து உச்சியில் உட்கார்ந்துகொண்டு, நான் கீழே வந்து கை நீட்டினால்தான் சறுக்குவாள்.

இப்படிப்பட்ட நாங்கள் எப்படி அக்காவோடு ஐரோப்பாவுக்குப் போனோம் என்றால், அதற்கு ஒய்-டூ-கேதான் காரணம்.

அந்தக் கோடையில் இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு வாரம் போவதாகத் திட்டம். என் கணவர்தான் அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தார். எந்த ஊரில் இறங்கினாலும் ஏதாவது ஒரு திருவிழா நடக்கிற வாரமாம். தெருவில் நின்றே எல்லாம் பார்த்துவிடலாம், டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. எல்லா ரயிலுக்கும் ஒரே பாஸ். கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அக்கா வீட்டுக்காரருக்கு ஆபீசில் லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாயிரம் பிறக்கும்போது கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று பயந்த காலம். அப்படியானால் அக்காவும் வரமாட்டார் என்று என் கணவர் நினைத்துக்கொண்டிருந்தார். அக்கா பெட்டியோடு வந்து நின்றார்.

“அவரு கம்ப்யூட்டரப் பாத்துக்கட்டும் தம்பி. நான் உங்களோட வந்தர்றேன்.”

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

பாரிஸில் ரயில் ஏறியதும் அவர் அக்காவுக்குப் பாடம் எடுத்தார். “இது நம்ம ஊர் ரயில் இல்லைங்க. ரெண்டு நிமிஷம்கூட நிக்காது. கதவு தானா மூடிக்கும். மூடினா மூடினதுதான், வெளிய நின்னு தட்டினாலும் தொறக்காது. அதனால ஸீட்டை விட்டு யாரும் நகரக் கூடாது.” எல்லோருடைய பாஸ்போர்ட்டும் அவர் இடுப்பில், சட்டைக்கு உள்ளே ஒரு துணிப் பையில் இருந்தது. அதையும் ஒருமுறை தடவிக் காட்டினார்.

“செரிங்க தம்பி” என்றார் அக்கா. அடுத்த ஸ்டேஷனில் இறங்கினார்.

நான் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தேன். நம்மூர் ரயிலென்றால் ஜன்னல் வழியாகக் கூப்பிடலாம், கையைப் பிடித்து இழுக்கலாம். இங்கே கண்ணாடியைத் திறக்கவே முடியாது. அவர் பிளாட்பாரத்தில் நின்று காற்று வாங்கினார், ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படித்தார், ஒரு கிழவரின் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார், பீப் பீப் என்று கதவு சத்தம் போட்டபோது சாவகாசமாக ஏறினார். இரண்டாவது நாள் இதைவிடப் பெரிய அதிர்ச்சி. ஒரு ஸ்டேஷனில் வண்டி நின்றதும் என் பெண் என் மடியிலிருந்து வழுக்கி இறங்கி, “ஆண்ட்டி, ஆர் வி கெட்டிங் டவுன்?” என்று கேட்டாள்.

“ஆமா சாமி, வா” என்று அக்கா கையை நீட்டினார். போய்விட்டாள். சறுக்குமரத்தில் சறுக்காதவள் முன்பின் தெரியாத ஊரில் பிளாட்பாரத்தில் குதித்துக்கொண்டு நிற்கிறாள். ஏறி வந்தபோது அவள் முகத்தில் இருந்த சிரிப்பை நான் அதுவரை பார்த்ததில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. பொறாமையாகவும் இருந்தது, சொல்லத்தான் வேண்டும். அதற்கு மேலே பயம். ஒவ்வொரு ஸ்டேஷன் வரும்போதும் நான் கதவையே பார்ப்பேன், வண்டி கிளம்பி அவர்கள் இருவரும் கதவு வழியாகத் தெரியும்வரை கண்ணை எடுக்கமாட்டேன். “நீ சொல்லக் கூடாதா?” என்பார் கணவர். “நீங்க சொல்லக் கூடாதா?” என்பேன். இரண்டு பேரும் சொல்லமாட்டோம்.

பெல்ஜியத்தில் ஓர் ஊரில் வீட்டு உயரத்துக்குப் பொம்மைகளைச் சுமந்து ஊர்வலம் விட்டார்கள். தெருவெங்கும் பீர் வாசனை. என் கணவர் போட்டோ எடுத்தார், நான் பெட்டிகளைக் காத்தேன். எல்லாம் திட்டப்படி நடந்த திருவிழாக்கள், அவற்றில் பாதி எனக்கு மறந்துவிட்டது. மறக்காதது திட்டத்தில் இல்லாத ஒன்று.

ஜெர்மனியில் போய்க்கொண்டிருந்தோம். புகைபோக்கிகளும் தொழிற்சாலைகளுமாக ஒரு ஊர். வண்டி நின்றது. அக்காவும் பாப்பாவும் வழக்கம்போல் இறங்கினார்கள். அடுத்த நிமிடம் எங்கள் ஜன்னல் கண்ணாடியை அக்கா படபடவென்று தட்டுகிறார். வாயசைவு தெரிகிறது, சத்தம் வரவில்லை. இறங்கு, இறங்கு என்று கை காட்டுகிறார். என் கணவர் இரண்டு கையையும் ஆட்டி ‘நோ நோ’ என்றார். ஆனால் குழந்தை அக்கா கையில். பெட்டிகளை உருட்டிக்கொண்டு விழுந்தடித்து இறங்கினோம். கதவு மூடியது, ரயில் போய்விட்டது.

“என்னங்க இது!” என்று என் கணவர் ஆரம்பித்தார்.

“தம்பி, அங்க பாருங்க” என்றார் அக்கா.

பிளாட்பாரத்தில் பட்டுப் புடவை கட்டிய பெண்கள். தலையில் பூ. கையில் தேங்காய்ப் பை. அவர்கள் பின்னாலேயே போனோம், பஸ் ஏறினோம். ஒரு சாதாரண ஜெர்மன் தெருவில், கட்டட சாமான் கடைக்கும் லாரி ஷெட்டுக்கும் நடுவே, தேர் வந்துகொண்டிருந்தது. அம்மன் தேர். ஒரு பக்க வடத்தை ஆண்களும் மறு பக்கத்தைப் பெண்களும் பிடித்திருந்தார்கள். பச்சைச் சட்டை போட்ட போலீஸ்காரர்கள் கார்களை நிறுத்தி வழிவிட்டுக்கொண்டிருந்தார்கள். நாதஸ்வரம் கேட்டதும் பெட்டியின் பிடியை விட்டுவிட்டேன்.

மோர் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு ஈழத்து அம்மா என்னிடம் கேட்டார். “எங்கையிருந்து வாறியள் பிள்ளை?”

“அமெரிக்காங்க. நியூ ஜெர்ஸி.”

“அங்கையும் தேர் இருக்கோ?”

“இருக்குங்க. ஆனா கோயில் பார்க்கிங் லாட்டைச் சுத்தித்தான் வரும்.”

அவர் கொஞ்சம் இரக்கத்தோடு இன்னொரு டம்ளர் மோர் ஊற்றினார். “எங்கடை அம்மாள் ரோட்டாலை போறா” என்றார். அக்கா அதற்குள் வடத்தைப் பிடித்துவிட்டிருந்தார். பாப்பாவும் நுனியைப் பிடித்து இழுத்தாள். என் கணவரும் போய்ப் பிடித்தார் என்பதுதான் ஆச்சரியம். சட்டைக்கு மேலே தடவிப் பார்க்க மறந்து, கொஞ்ச நேரம் மனிதராக இருந்தார். அக்கா இறங்கியிராவிட்டால் அந்த ஊரை நாங்கள் புகைபோக்கியாகத்தான் பார்த்திருப்போம்.

மறுநாள் மியூனிக் போக வேண்டும். அங்கே ஏதோ கோடைத் திருவிழா. அதற்குப் போகிற கூட்டம் முழுக்க அதே ரயிலில் இருந்தது. தோல் நிக்கர் போட்ட இளைஞர்கள், டிரம், டிரம்பெட். நெரிசலில் எந்தக் கோச் என்று பார்க்காமல், நாலு ஸீட் சேர்ந்தாற்போல் கிடைத்த இடத்தில் விழுந்து உட்கார்ந்தோம். வழியில் ஸ்பீக்கரில் ஏதோ திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கூட்டம் பாடிய பாட்டில் ஒன்றும் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் ஜெர்மன்.

ஒரு பெரிய சந்திப்பு நிலையத்தில் வண்டி வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக நின்றது. அக்காவும் பாப்பாவும் இறங்கினார்கள். பிளாட்பாரத்தின் முன்பக்கம் யாரோ வாத்தியம் வாசிக்க, அதைப் பார்க்க இரண்டு பேரும் முன்னால் போனார்கள். போனார்கள், போய்க்கொண்டே இருந்தார்கள். பாப்பாவின் மஞ்சள் கவுன் கூட்டத்தில் மறைந்து மறைந்து தெரிந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். விசில் ஊதியது. அக்கா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்கள் பக்கம் ஓடி வர நேரமில்லை என்று, பக்கத்தில் இருந்த கதவில் ஏறிவிட்டார்.

“ஏறிட்டாங்க!” என்றேன். உட்கார்ந்தேன். நம்மூரில் அப்படித்தானே? கிடைத்த கதவில் ஏறிவிட வேண்டியது, உள்ளேயே நடந்து வந்துவிட வேண்டியது. இதோ வந்துவிடுவார்கள்.

முன்னால் இருந்த பெட்டிகள் நகர்ந்தன. எங்கள் பெட்டி நகரவில்லை.

எனக்குப் புரியவில்லை. ஜன்னலில் பார்க்கிறேன், முன்பாதி ரயில் எங்களை விட்டுவிட்டுத் தனியாகப் போகிறது. அதன் பின்புறத்தில் கண்ணாடி, விளக்கு எல்லாம் இருக்கிறது. அது தனி ரயில். போய்க்கொண்டே இருக்கிறது. என் கணவர் பக்கத்தில் இருந்தவரைப் பிடித்து உலுக்கினார். அவர் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிரித்துக் காட்டினார். “முன்னால் மியூனிக். இது வியன்னா.” ஸ்பீக்கரில் அத்தனை நேரமும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஸீட்டை விட்டு நகரக் கூடாது என்று சொன்ன நாங்கள் தப்பான பாதியில் உட்கார்ந்திருக்கிறோம். இறங்கி நடந்தவர் சரியான பாதியில் ஏறிவிட்டார். என் குழந்தையோடு.

எப்படி இறங்கினோம் என்று நினைவில்லை. பிளாட்பாரத்தில் நான் உரக்க அழுதேன், அது நினைவிருக்கிறது. என் கணவர் தகவல் கவுன்டரில் இடுப்புப் பையை அவிழ்த்துப் பாஸ்போர்ட்டுகளைப் பரப்பினார். குழந்தையின் அமெரிக்க நீல பாஸ்போர்ட். அக்காவின் இந்திய பாஸ்போர்ட், அதில் சிரிக்காத முகம். கவுன்டரில் இருந்தவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“இந்தப் பெண்மணி குழந்தைக்கு என்ன உறவு?”

என் கணவர் “நெய்பர்” என்றார்.

அந்தச் சொல் அங்கே எவ்வளவு மோசமாக ஒலித்தது என்று எனக்குத்தான் தெரியும். கையில் ஒரு காகிதம்கூட இல்லாத ஒரு இந்தியப் பெண், வேறு பெயர் கொண்ட ஒரு அமெரிக்கக் குழந்தை, அழுகிற ஒரு தாய். யாராவது கேட்டால் அக்கா என்ன பதில் சொல்வார்? ஜெர்மன் தெரியாது. இங்கிலீஷ் மளிகைக் கடை அளவு. போலீஸ் பிடித்தால் குழந்தையைப் பிரித்துத் தனியாக வைப்பார்களே, என் பெண் பயந்தே செத்துவிடுவாளே என்று என் மண்டைக்குள் படம் ஓடிக்கொண்டே இருந்தது.

ரயிலுக்குத் தகவல் சொல்ல முடியும் என்றார் அந்த மனிதர். அடுத்த ஸ்டேஷனில் அவர்களை இறக்கிவிடச் சொல்கிறேன், நீங்கள் பின்னால் வருகிற வண்டியில் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். என் கணவர் ஒப்புக்கொண்டார். எனக்கும் கொஞ்சம் உயிர் வந்தது.

“அவங்களுக்கு எறங்கறதுன்னா சொல்லித் தர வேண்டாம். நின்னாலே எறங்கிடுவாங்க” என்றேன்.

“அதுதானே இப்ப நம்மள இங்க கொண்டுவந்து நிறுத்தியிருக்கு” என்றார் கணவர்.

அடுத்த வண்டியில் ஏறி அந்த ஸ்டேஷன் வந்ததும் வண்டி முழுதாக நிற்பதற்கு முன்பே நான் கதவில் இருந்தேன். பிளாட்பாரம் சின்னது. ஒரே பார்வையில் முழுக்கப் பார்த்துவிடலாம். ஒரு பெஞ்ச், அதில் ஒரு கிழவி, ஒரு நாய். அவ்வளவுதான்.

ஸ்டேஷன்காரர் வந்தார். தகவல் வந்தது, காத்திருந்தோம், அப்படி யாரும் இறங்கவில்லை என்றார். என் கணவர் திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லை, இறங்கவில்லை.

அப்போதுதான் நான் நிஜமாகப் பயந்தேன். அதற்கு முன் என் வாழ்நாளில் நான் பட்ட பயமெல்லாம் ஒத்திகை என்று தெரிந்தது. ஃப்ரீவேயில் இறங்குகிறவர், லிஃப்டில் இறங்குகிறவர், இறங்கு என்று சொல்லியும் இறங்கவில்லை என்றால் அந்த ரயிலில் அவர் இல்லை. இல்லை என்றால் என் குழந்தை எங்கே? ‘அக்கா’ என்று நாம் கூப்பிடுகிறோமே, இவர் யார்? ஈரோடு பக்கம் என்பதைத் தவிர எனக்கு இவரைப் பற்றி என்ன தெரியும்? அப்படியெல்லாம்கூட மனசு போனது. மியூனிக் போய்ச் சேரும்வரை நான் கும்பிட்ட சாமிகளின் பெயரை வரிசையாகச் சொன்னால் சிரிப்பீர்கள். பெல்ஜியத்தில் எட்டிப் பார்த்த மாதா கோயிலையும் விடவில்லை.

மியூனிக்கில் ரயில் பாதை முடிந்துவிடுகிறது. எல்லா வண்டிகளும் முட்டுச் சந்தில் வந்து நிற்கிற மாதிரி வரிசையாக நிற்கும். வெயில் இன்னும் இருந்தது. கூட்டம் திருவிழாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. கூட்டத்துக்கு எதிராக ஒவ்வொரு பிளாட்பாரமாக ஓடினோம். ஒன்றில் அந்த ரயில் நின்றுகொண்டிருந்தது. மாலையில்தான் திரும்பிப் புறப்படுமாம். ஜன்னல் வழியாக யாரும் தெரியவில்லை. கதவு திறந்திருந்த ஒரு பெட்டியின் வாசலில் சீருடை போட்ட ஒரு நடுவயதுப் பெண், ரயிலின் கண்டக்டர், காலை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார்.

உள்ளே அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் என் பெண். அவளைச் சுற்றி முந்தானையைக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகியிருந்தார். பாப்பா அந்தக் கட்டுக்குள் இருந்தபடி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

“அம்மா, ஆண்ட்டி டிட் நாட் கெட் டவுன்” என்றாள் புகார் சொல்கிற குரலில். “எவ்ரி டைம் ஐ ஆஸ்க்டு. ஷி ஸெட் நோ.”

கண்டக்டர் ஆங்கிலத்தில் கஷ்டப்பட்டுச் சொன்னார். முதல் ஸ்டேஷனில் இறங்கச் சொன்னேன், மாட்டேன் என்றாள். கையைப் பிடித்தேன், உதறினாள். இங்கே வந்த பிறகும் சொன்னேன், ரயில் முடிந்துவிட்டது என்று. குழந்தையின் அம்மா வராமல் இறங்கமாட்டேன் என்கிறாள், குழந்தைதான் எனக்கு இங்கிலீஷில் சொன்னது. அதனால் நானும் வீட்டுக்குப் போகவில்லை.

நான் அந்த முந்தானை முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். அவ்வளவு இறுக்கம், என்னால் முடியவில்லை. அக்காதான் அவிழ்த்தார்.

“எறங்கச் சொன்னா எறங்கீருவனா கண்ணு?” என்றார். குரல் அவர் குரலாகவே இல்லை. “யாரு சொன்னாங்க, எதுக்குச் சொன்னாங்க, எனக்கென்ன தெரியும்? கீழ போனா யாராச்சும் புள்ளயப் புடுங்கிக்கிட்டா? வண்டிய விட்டுட்டா நீ எங்கன்னு வந்து தேடுவ?”

குழந்தையை என்னிடம் கொடுத்த பிறகுதான் அழ ஆரம்பித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்க. அதுவரை பாப்பாவுக்கு முன்னால் ஒரு சொட்டு விடவில்லை போலிருக்கிறது, அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். நான் வழியெல்லாம் திரட்டி வைத்திருந்த கோபம் ஒன்று இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன். என் கணவர் பெட்டிகளை விட்டுவிட்டு வந்து நின்றார். “எறங்கலாமாங்க?” என்று மெதுவாகக் கேட்டார். அக்கா எழுந்திருக்க முயன்று உட்கார்ந்துவிட்டார். “காலு வரலீங் தம்பி” என்றார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினோம்.

அந்த ஊர்த் திருவிழாவை நாங்கள் பார்க்கவில்லை. அறையிலேயே இருந்தோம். அக்கா சாப்பிடவில்லை.

மறுநாள் பாரிஸுக்குத் திரும்ப வேண்டும். ரயிலில் என் எதிரே உட்கார்ந்தார். முதல் ஸ்டேஷன் வந்தது, வண்டி நின்றது. அக்கா அசையவில்லை. கையை மடியில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பா அவர் முட்டியைத் தட்டினாள். “வேண்டாம் சாமி, அம்மாகிட்ட இரு” என்றார். அடுத்த ஸ்டேஷனிலும் அப்படியே. நான் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தானே? பாரிஸிலிருந்து ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வேண்டிக்கொண்டது இதைத்தானே? கிடைத்துவிட்டது. எதிரே ஒரு மூட்டை உட்கார்ந்திருந்தது, என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

அதற்கடுத்த ஸ்டேஷனில் வண்டி நின்றது. பயம் இருந்தது. இருக்கட்டும் என்று பாப்பாவை மடியிலிருந்து இறக்கினேன். அவள் கையைப் பிடித்து அக்காவின் கையில் வைத்தேன்.

“போயிட்டு வாங்கக்கா. ரெண்டு பேரும்.”

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். “வேண்டாம் கண்ணு. நீயே வெச்சுக்க.”

“கதவு மூடிடும்க்கா. சீக்கிரம் போங்க.”

என் கணவர் எனக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்பது போல் பார்த்தார். பாப்பா இழுத்தாள். அக்கா எழுந்தார், கதவு வரைக்கும் போனார், அங்கே ஒரு நொடி நின்றார், இறங்கினார். நேற்றுவரை போல் முன்னால் நடந்து போகவில்லை. ஒரு கையால் என் பெண்ணையும் மறு கையால் கதவின் கம்பியையும் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். பாப்பா ஊர்ப் பெயரைக் காட்டி ஏதோ கேட்டாள். அக்கா குனிந்து அதை அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினார்.

நான் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு பீப் பீப் என்று சத்தம் போட ஆரம்பித்தது. நான் எழுந்திருக்கவில்லை.